குடிலுக்குள் ஒரு கறுப்புக் கிணறு

இயேசு, மரி, சூசை துணை

ஒடென்சே,
டென்மார்க்,
5 மார்ச் 2026

அன்புள்ள மச்சான் ஜோன்சனுக்கு அத்தான் கிறிஸ்துநாயகம் எழுதுவது.

நானும் உம்முடைய அக்கா பற்றிமாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீரும் தங்கச்சி விமலராணியும் சுகமா என்று கேட்பது கடித வழக்கம். இத்தனை வருடமும் நான் அதை வழக்கத்துக்காகவே கேட்டு வந்தேன். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். இருமல் ஏதும் இருக்கிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? முழங்கால் நோவைப் பற்றிக் கேட்கவில்லை, அதை நீர் போதிய அளவு சொல்லியிருக்கிறீர்.

இதைப் போனில் சொல்லலாம்தானே என்று நினைப்பீர். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீர் அதை முடித்து வைப்பீர், அதுவும் நான் நினையாத விதமாக முடித்து வைப்பீர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கனடாவில் இருக்கிறவர்கள் உமக்கு முதல் வாசித்துவிட்டு உமக்கே விளக்கம் சொல்லுவார்கள். தெருவில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளையும் தூக்கிவிட்டார்கள். ஆகவே சனிக்கிழமை மகள் ஷரோன் இங்கே வந்து திரும்புகிறபோது அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தவக்காலம் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்வதற்கு முன் உம்மிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு வாசியும், விமலராணியிடம் கடைசியில் கொடும்.

போன செப்டெம்பரில் உம்முடைய வீட்டில் நண்டுக் குழம்போடு இருந்து கதைத்தோமே, அன்றைக்குத்தான் இது தொடங்கியது. உமக்கு முழங்கால் ஏலாது, படி இல்லாத ஒரே தட்டு வீடு ஒன்று பார்த்துவிட்டீர், இக்காஸ்ட் வீட்டை விற்கப் போகிறீர். ஷரோனும் மருமகன் ஸ்ரிபனும் ஹெர்னிங்கில் வாடகைக்கு இருந்துகொண்டு வீடு தேடுகிறார்கள். "வெளியாளுக்குக் குடுக்கிறதை விட எங்கட பிள்ளைக்குக் குடுப்பம் அத்தான்" என்று நீர் சொன்னீர். விமலராணி கண்ணைத் துடைத்தாள், பற்றிமா கண்ணைத் துடைத்தாள், நான் நண்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். எங்கள் ஆட்களுக்குள் வீடு கைமாறுவது அப்படித்தான். தேத்தண்ணி குடித்தால் பேச்சு முடிந்தது. கூரையை நிமிர்ந்து பார்த்தாலே குற்றம்.

ஆனால் ஷரோன் கொம்யூனில், அதுதான் நகரசபையில், கட்டட அனுமதிப் பிரிவில் வேலை செய்கிறாள் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். அடுத்த கிழமை வந்து குசினியில் நின்றுகொண்டு, "மாமா வீட்டில் ராடன் அளந்திருக்கிறார்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது டெனிஷில், நான் தமிழில் தருகிறேன். நான் ஏதோ மீன் என்று நினைத்து, "மாமா மீன் நிறுத்துத்தான் வாங்கிறவர்" என்றேன். அவள் மடிக்கணினியைத் திறந்து ஒரு மணித்தியாலம் படம் காட்டினாள். விளங்கிய மட்டில் சொல்கிறேன். நிலத்துக்குக் கீழே மண்ணில் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறதாம், எல்லா இடத்திலும். அது காலப்போக்கில் சிதைந்து சிதைந்து ராடன் என்ற வாயுவாக மேலே வருகிறதாம். வெளியில் வந்தால் காற்றோடு போய்விடும். வீட்டுக்குக் கீழே வந்தால், நிலத்தில் உள்ள வெடிப்பு, குழாய் போகிற ஓட்டை, எது கிடைத்தாலும் அதுக்குள்ளால் ஏறி உள்ளே வந்து குடியிருந்துவிடும். நிறமில்லை, மணமில்லை. வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம், சிகரெட் பிடித்த ஆளுக்கு ஆபத்து இன்னும் கூட. ஒரு வீட்டில் கூடவும் பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லாமலும் இருக்குமாம். கூரை, ஈரம், மின்சாரம் பார்க்க வருகிற ஆள் இதை அளக்க மாட்டான். வாங்குகிறவர்தான் கேட்டு அளப்பிக்க வேண்டும். பெக்கரல் என்ற அளவில் நூறுக்கு மேலே போனால் ஏதாவது செய்ய வேண்டுமாம்.

பற்றிமா வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். "நிறமும் இல்லை, மணமும் இல்லை எண்டால் உது இருக்கெண்டு ஆர் கண்டது?" என்றாள். ஷரோன், "இல்லை அம்மா, அதுக்குத்தான் அளக்கிறது" என்றாள். பிறகு, கீழ் அறையைத்தான் மகள் ஜெசிக்காவுக்குப் படுக்கை அறை ஆக்கப் போகிறேன், அவளுக்கு மூன்று வயது, அளக்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிறபோது, "நீங்கள் மாமாவிடம் கேளுங்கோ, அப்பா" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

நான் எப்படிக் கேட்பது, ஜோன்சன்? உம்மிடம் பழைய கார் வாங்கினபோது அதை ஒருக்கால் கராஜில் காட்டினேன் என்பதற்காக நீர் ஏழு மாதம் என்னோடு கதைக்கவில்லை. காரில் பிழையும் இருக்கவில்லை. அந்த ஏழு மாதமும் பற்றிமா எனக்குச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்கே அப்படி என்றால், "உம்முடைய வீட்டில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கலாமா" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று ஒரு கிழமை படுக்காமல் யோசித்தேன். யோசித்துவிட்டு, ஷரோனிடம், "மாமா ஓமெண்டிட்டார்" என்றேன். இது முதலாவது பொய்.

ஆய்வுகூடம் ஒன்றில் இருந்து இரண்டு பெட்டி எடுப்பித்தேன். பெட்டி என்றால் சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு, கறுப்பு, வட்டம், அடியில் ஒரு இலக்கம். வயர் இல்லை, பற்றரி இல்லை, சத்தம் இல்லை. வீடு சூடாக்குகிற மாதங்களில், ஆட்கள் புழங்குகிற அறையில், இரண்டு மாதம் அசையாமல் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்று உமக்கு, மற்றது எங்கள் வீட்டுக் கீழ் அறைக்கு. நாளைக்கு ஒரு கதை வந்தால், "என்ர வீட்டையும்தானே அளந்தனான்" என்று சொல்லலாம் என்பதற்காகவே இரண்டாவதை வாங்கினேன். எங்கள் வீட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இரண்டு மாதம் உம்முடைய கண்ணில் படாமல் உம்முடைய வீட்டுக்குள் ஒரு பொருளை எங்கே வைப்பது? நீர் சோபாவுக்குக் கீழே விழுந்த பேனை மூடியைக்கூடக் கண்டுபிடிக்கிற ஆள். அப்போதுதான் கிறிஸ்மசுக்குக் கட்டுகிற பாலன் குடில் நினைவுக்கு வந்தது. உம்முடைய குடில் கீழ் அறையில்தான் கட்டுவது, நீர் படுக்கிறதும் அங்கேதான். திருவருகைக் காலம் தொடங்குகிற சனிக்கிழமை பின்னேரம் கட்டினால், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் வரை, பெப்ரவரி இரண்டு வரை வைத்திருக்கலாம். சரியாக இரண்டு மாதம். திருச்சபை இதை எனக்காகவே ஒழுங்கு செய்து வைத்தது போல இருந்தது.

ஆகவே மச்சான், நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி, வைக்கோலைத் தொட்டாலே தும்முகிற நான், "இந்த முறை குடிலை நான் கட்டித்தாறன்" என்று சொல்லி வந்து இறங்கினது பக்தியால் அல்ல. "என்ன அத்தான், பென்சனுக்குப் பிறகு ஆள் மாறிட்டியள்" என்று நீர் என்னைக் கட்டிப்பிடித்தீர். அப்போது அந்தப் பெட்டி என் ஜக்கெற் பொக்கற்றில்தான் இருந்தது, உம்முடைய நெஞ்சில் இடித்திருக்கும். மாட்டுக்கும் இடையனுக்கும் நடுவில் அதை வைத்து, சுற்றிவரச் சின்னக் கல் அடுக்கி, கிணறு ஆக்கினேன். பெத்லகேமில் கிணறு இருந்தது, நான் ஒன்றும் இல்லாததைச் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. விமலராணி கிணற்றைப் பார்த்து ஆசைப்பட்டு, தையல் விரலுறையில் நூல் கட்டி ஒரு வாளி செய்து அதன் மேல் தொங்கவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் அதைப் பக்தி என்று நினைத்தாள். பிறகு, தண்ணீர் கொஞ்சம் விடலாம் என்று ஒரு தேக்கரண்டியோடு வந்தாள். "பாலைவனத்துக் கிணறு தங்கச்சி, அந்தக் காலத்தில வத்திப்போய் இருந்தது" என்றேன். இரண்டாவது பொய். கரோல் குழுவோடு வந்த மரினா அக்கா, "நல்ல வடிவான கிணறு, எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று நின்றா. ஒடென்சேயில் முடிந்துவிட்டது என்றேன், மூன்றாவது. அவ அடுத்த நாளே ஒடென்சேயில் இருக்கிற தங்கச்சியைக் கடை கடையாக அனுப்பினா என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜனவரியில் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு நீர் போன் எடுத்து, குடிலைக் கழற்றப் போகிறேன், வைக்கோலில் பூச்சி வருகிறது என்றீர். நான் அரை மணித்தியாலம் பெப்ரவரி இரண்டாம் தேதியின் மகிமையைப் பற்றிக் கதைத்தேன். நான் அதுவரைக்கும் அந்தத் திருநாளுக்குப் பூசைக்குப் போனதே இல்லை. "சரி, உங்களுக்காக வைக்கிறன்" என்றீர். அதுதான் என் மனதில் இன்னும் குத்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. மிளகாய்த்தூள் வறுக்கிறபோது விமலராணி வீட்டு யன்னல் எல்லாம் திறந்துவிடுவாள், பக்கத்து வீட்டுக் கத்தரீனாக் கிழவி தும்முகிறா என்று. காற்று அடித்துப்போனால் கணக்குக் குறைந்து காட்டுமே என்று பயந்து, "குளிர் பிடிக்கும் தங்கச்சி, யன்னலை மூடி வையும்" என்று நானே இரண்டு தரம் போனில் சொன்னேன். அந்த வாயு வெளியே போக வழி யன்னல்தான், ஜோன்சன். திறக்கிறவளை மூடச் சொன்னவன் நான்.

பெப்ரவரி இரண்டாம் தேதி வந்து குடிலை நானே கழற்றினேன். நீர் மாட்டை எடுத்துச் சுற்றினீர், நான் கிணற்றை எடுத்துப் பொக்கற்றில் போட்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் கீழ் அறைப் பெட்டியையும் எடுத்துக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவி வர, பற்றிமா இரண்டையும் துணியால் துடைத்து, வைக்கோல் ஒன்றும் இல்லாமல், சேர்த்து அடுக்கி வைத்திருந்தாள். எது எது என்று எனக்கு நல்ல ஞாபகம் இருந்தபடியால் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

முடிவு நேற்று வந்தது. ஒடென்சே நாற்பது. இக்காஸ்ட் முந்நூற்றுப் பத்து.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கீழ் அறையில் கனநேரம் இருந்தேன். முதலில் நினைத்தது ஷரோனையும் அல்ல, வீட்டையும் அல்ல. உம்முடைய குறட்டையை விமலராணி தாங்காமல் நீர் கீழே போய்ப் படுக்கத் தொடங்கிப் பத்து வருடம் இருக்கும். அதற்கு முதல் துணி ஆலையில் இரவு வேலை செய்த காலத்தில் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தீர். அதை நிற்பாட்டுவதற்கு நீர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நிற்பாட்டின மனிசனை மண்ணுக்குள் இருந்து வந்து பிடிக்கிறதென்றால் அது என்ன நியாயம்? எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன். இனி நீர் ஏழு மாதம் அல்ல, ஏழு வருடம் கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆகவே நான் சொல்வதைக் கேளும். இண்டைக்கே கீழ் அறையில் படுக்கிறதை விடும். குறட்டைக்கு விமலராணி காதில் பஞ்சு வைக்கட்டும். நாளுக்கு மூன்று தரம் யன்னல் எல்லாவற்றையும் திறந்து பத்து நிமிடம் காற்றுப் பிடியும், குளிருது என்று அழ வேண்டாம். கீழ் நிலத்தில் இருக்கிற வெடிப்புகளை ஆள் பிடித்து அடைப்பியும். அது காணாது என்றால் நிலத்துக்குக் கீழே குழாய் இறக்கி, சின்ன விசிறி பூட்டி, காற்றை உறிஞ்சி வெளியே விடுகிற வேலை இருக்கிறதாம், பெரிய வேலை இல்லை என்று ஷரோன் சொன்னாள். அதுக்குப் பிறகு திரும்ப அளந்து, குறைந்தால் அவள் கையெழுத்து வைப்பாள். நீர் ஒரு முரடன், சொன்னது கேட்க மாட்டீர் என்று தெரியும். வயது போன காலத்தில் ஒரு மனிசன் நிலக்கீழ் அறைக்குள் போய் இருந்துகொண்டு, மேலே மனிசி கூப்பிடக் கூப்பிட ஏறி வராமல் இருப்பது எவ்வளவு மடைத்தனம் என்று யோசித்துப் பாரும்.

வேலை முடியும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு வந்து இருங்கள். எங்கள் கீழ் அறையில் கட்டில் போட்டுப் புது விரிப்பும் விரித்து வைத்திருக்கிறேன். இருபத்தேழு வருடத்துக்கு முதல் இந்த வீடு வாங்கின புதிதில், நீர் வந்து நிலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், இதில பெரிய வெடிப்பொண்டு போகுது, அடைச்சுப்போட்டுக் கம்பளம் போடுவம்" என்றீர், நான் அடைக்காமலே கம்பளம் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் நடக்கவில்லை. காற்று நாற்பது பெக்கரல். கராஜ்காரனைப் போல எல்லாவற்றிலும் குற்றம் பார்க்கக்கூடாது என்பதற்கு அது சாட்சி.

தங்கச்சி விமலராணிக்கு என் அன்பையும், வாளியின் பொருட்டு என் மன்னிப்பையும் சொல்லும். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நீர் என்னோடு கதைக்கத் தொடங்குவதற்கும், நல்ல மூச்சோடு நெடுங்காலம் இருப்பதற்கும் மடு மாதா உம்மைக் காப்பாராக.

உம்முடைய அத்தான்,
கிறிஸ்துநாயகம்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்து உறையில் போட்டு வைத்தேன். இன்று காலை பற்றிமா, "என்ர தம்பிக்கு என்ன எழுதினனீங்கள், வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். கம்பளம் வருகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு எழும்பிப் போய்ப் போன வருடத்துக் கோவில் கலண்டரைக் கொண்டு வந்தாள். மாதா படம் இருக்கிற கலண்டரை எறியக் கூடாது என்று குசினிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாளாம். அதில் நவம்பர் இருபத்தொன்பதாம் தேதிக் கட்டத்துக்குள் அவளுடைய கையெழுத்தில், "கீழ் அறைப் பெட்டி 4417" என்று இருந்தது. ஆய்வுகூடத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். 4417 தான் முந்நூற்றுப் பத்து.

எனக்கு நல்ல ஞாபகம் இருந்தது என்று எழுதியிருந்தேன். இருக்கவில்லை.

ஆறு பக்கத்தையும் திரும்ப எழுதக் கை இடம் தராது. புத்திமதிகளிலும் பிழை இல்லை, ஆள் மட்டும்தான் மாறுகிறது. ஆகவே "உம்முடைய வீடு" என்று வருகிற இடமெல்லாம் "என்னுடைய வீடு" என்று வாசியும். முரடன் என்பதையும் மடைத்தனம் என்பதையும் அப்படியே மாற்றி வாசியும். கட்டில் விரிப்பைப் பற்றிமா மடித்துவிட்டாள். உம்முடைய வீடு நாற்பது, நீர் தாராளமாகக் கீழே படுக்கலாம், ஷரோன் தாராளமாகக் கையெழுத்து வைக்கலாம், ஜெசிக்கா அங்கே படுத்து வளரட்டும்.

பற்றிமா கீழ்ப் படியில் வந்து இருந்தாள். "பென்சன் எடுத்த நாளில இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை நொந்துபோச்சு. ஒரு நாளும் ஏறி வரேல்லை" என்றாள். திட்டினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் மெல்லத்தான் சொன்னாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஜோன்சன். டொக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறோம். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு நீர் காட்டின இடத்திலேயே இருக்கிறது, இப்போது பெருவிரல் போகிறது. அதை அடைக்க உம்மைத் தவிர வேறு ஆளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் ஏலாது என்றால் கதிரை போட்டு இருந்துகொண்டு சொல்லும், நான் அடைக்கிறேன்.

அதுவரைக்கும் நாங்கள் உம்மோடு வந்து இருக்கலாமா? முதல் வரியில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தேன். அதை வெட்டவில்லை. பற்றிமா வீட்டு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். நான் இதை மேலங்கியும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு மேல் அறையில், அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து முடிக்கிறேன்.